பாகூரில் ஓர் ஆதிமனிதன்

நாகரிகத்தின் சகல சௌகரியங்களையும் அனுபவித்துக்கொண்டே, அவை ஒருநாள் திடீரென்று மறைந்துபோனால் வனாந்தரத்தில் எப்படி ஜீவிப்பது என்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் சாய்ந்தபடி தியானிக்கிற ஒரு நூதனத் தபஸ்விகள் கூட்டம் நம்மிடையே பெருகி வருகிறது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் என் தங்கையின் மகன். கல்லாலும் கழியாலும் நாராலும் வேட்டைக் கருவிகள் செய்து பழகுவது என்ற சங்கற்பத்தோடு அவன் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறிப் பாகூருக்கு வந்து சேர்ந்தான்.

"மாமா, இங்கே காடு எந்தப் பக்கம்?"

பாகூரில் ஏரி உண்டு. சோழர் காலத்து மூலநாதர் கோயில் உண்டு. கண்ணுக்கெட்டிய மட்டும் கழனி உண்டு. காடு என்று சொல்லத்தக்கது சவுக்குத் தோப்புதான். அதற்கும் குத்தகைக்காரர் இருக்கிறார்.

கழி கிடைத்துவிட்டது. கல்தான் அகப்படவில்லை. தென்பெண்ணையாறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமியில் கைப்பிடிக் கல்லுக்கு எங்கே போவது? கடைசியில், சாலை போடக் குவித்திருந்த ஜல்லியில் ஒன்றை எடுத்துவந்து, இன்னொரு ஜல்லியால் தட்டித் தட்டி, இரண்டையும் பொடியாக்கினான். 1863-இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த ஆதிகாலக் கற்கருவி குவார்ட்சைட் என்ற பாறையில் செதுக்கியது. பக்குவமாகத் தட்டினால் கூர்விளிம்போடு சில்லுச் சில்லாகப் பெயர்வது அதன் சுபாவம். அக்கல்லைத் தேடியலைய ஆதிமனிதனுக்கு அவகாசம் இருந்தது. என் மருமகனோ திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகவேண்டியவன். ஆகவே கல்லை விடுத்து மூங்கிலை வளைத்து வில் செய்தான். அதிலிருந்து புறப்பட்ட அம்பு அவன் காலடியிலேயே விழுந்து நமஸ்கரித்தது.

இந்த வைபவத்தை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இருளர் பெரியவர் ஒருவர், "இன்னா புடிக்கப் போறீங்க தம்பி?" என்று மரியாதையாகவே கேட்டார். அதைப் பற்றி மருமகன் யோசித்திருக்கவில்லை.

பெரியவரிடம் இருந்தது துவாரமிட்ட ஒரு மண்பானை. எலி வளையின் மற்ற வாசல்களைச் சேற்றால் அடைத்துவிட்டு, பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பிட்டு, அதன் வாயை வளையோடு அழுத்தித் துவாரத்தின் வழியே ஊதினால், புகை உள்ளே பாய்ந்து எலி மூர்ச்சையாகிவிடும். அப்புறம் தோண்டினால் எலியும் வரும், அது சேமித்து வைத்த நெல்லும் வரும். கறியும் சோறும் ஒரே பொந்தில் கிடைப்பதைத் தொலைக்காட்சி வீரர்கள் எவரும் இதுவரை காட்டவில்லை. இன்னொரு சாதனம் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டி இரையைக் கட்டிவைத்தால், எலி அதைக் கடித்த மாத்திரத்தில் நாண் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். மருமகன் வில்லும் மூங்கில்தான் என்பதை இங்கே நினைவூட்டுவது அவனுக்குப் பிடிக்காது.

வேட்டையைத் தடுத்து 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய மத்திய சர்க்கார், 2016-இல் புதுச்சேரியின் பழங்குடிப் பட்டியலில் இருளரைச் சேர்த்தபோது, அடைப்புக்குறிக்குள் 'வில்லி', 'வேட்டைக்காரன்' என்ற பெயர்களையும் சேர்த்தே எழுதியது. வேட்டை கூடாது, வேட்டைக்காரர் இருக்கலாம். முயலுக்கும் கௌதாரிக்கும் உடும்புக்கும் அபயமளித்த அந்தச் சட்டம் எலியைத் தீங்கு செய்யும் பிராணிகளோடு தள்ளிவைத்ததால், பெரியவருக்கு மிஞ்சியது அதுதான்.

வனவாசம் பழக விரும்பும் அன்பர்கள் சம்பா அறுவடை முடிந்ததும், தை மாசியில், பாகூருக்கு வரலாம். பானையும் வைக்கோலும் இங்கேயே கிடைக்கும். ஊதுவதற்கு மூச்சை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.