தாளுக்கு உள்ள மரியாதை

இந்தியாவில் காற்றின் தரத்தை ஆட்களைக் கொண்டு அளக்கும் நிலையங்களில் வாரம் 2 நாள், ஆண்டுக்கு 104 முறை மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் பேப்பரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற, இரவானாலும் டெக்னீஷியன் மொட்டைமாடி ஏறுகிறார். அந்தத் தாளுக்குத்தான் எத்தனை உபசாரம்! விரல் படாமல் இடுக்கியால் எடுத்து, ஈரம் போக டெசிகேட்டரில் வைத்து, மில்லிகிராம் பிசகாமல் எடை போடுகிறார்கள். அதே காற்றை இழுத்த டெக்னீஷியனின் நுரையீரலை யாரும் எடை போடுவதில்லை. “தானியங்கி நிலையங்கள்தான் வந்துவிட்டனவே” என்பார்கள். வந்தன, அவற்றின் குழாய் முனையில் படியும் தூசியைத் துடைக்கவும் ஆள்தான் ஏற வேண்டும். “முகக்கவசம் போடலாமே” என்பார்கள். போடலாம்தான், தாளைப்போல அதையும் முறைக்கொன்று புதிதாகக் கொடுத்தால். தாளுக்கு மாற்று உண்டு. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் ஃபில்டருக்கு உதிரி எந்தக் கடையிலும் இல்லை.