பாலாற்றுக் குழுப் பயணத்தில் ஆற்றின் இடம்: ஓர் ஆய்வு

ஆற்றையும் ஆற்றங்கரை மக்களையும் காண வேன் பிடித்துப் போகும் கூட்டத்தாரின் நடத்தையைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் வாயே திறப்பதில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம்: திருமுக்கூடல் தொடங்கி வயலூர் முகத்துவாரம் வரை பாலாறு. மாதிரி: ஒரு வேன், அது கொள்ளாத உறவினர். கருதுகோள்: ஆற்றைப் பார்க்கப் போகும் கூட்டம் ஆற்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பும்.

புறப்பாடு ஆறு மணி என்றால் எட்டு மணி எனக் கொள்க. இடைப்பட்ட நேரத்துக்குச் 'சித்தப்பா மாறிலி' எனப் பெயரிடுகிறோம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டின் ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையைப் பேசுகிறது. வீரராசேந்திரன் காலத்தது, 15 படுக்கைகள். இதைக் கேட்ட கூட்டத்தில் எழுந்த ஒரே ஐயம் அத்தையுடையது: "கூட இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு உண்டா?" சிரிக்க வேண்டாம். வைத்தியர் முதல் பணிப்பெண் வரை யாருக்கு எவ்வளவு நெல் என்பது அக்கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆய்வாளர் பலருக்குத் தோன்றாத கேள்வி அது.

இனி ஆறு. செல்போன் வரைபடத்தில் அது நீலம். காலடியில் வெள்ளை மணல். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் நடந்து வரும் ஆறு, செங்கல்பட்டை எட்டுவதற்குள் ஏரிகளிலும் மணலிலும் ஒளிந்துகொள்கிறது. பெரியப்பா வழக்கம்போல, "எங்க காலத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடும்" என்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தண்ணீர் எங்கே என்று கேட்டோம். "அடியில இருக்குது சார்." உட்கார்ந்து இரு கையாலும் மணலை வாரிப் போட்டார். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது, ஓரம் சரிந்தது, கலங்கலாய் நீர் சுரந்தது. தெளியும் வரை காத்திருந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். கூட்டம் அதற்குள் வேனுக்குத் திரும்பியிருந்தது, புளியோதரை பிரித்தாகிவிட்டது.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் செல்ஃபி. 1782 பிப்ரவரியில் இக்கடலில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பீரங்கியால் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் நிழலுக்காகச் சண்டையிட்டார்கள்.

வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுவார்கள். விஷமுறிவு மருந்துக்கு அதுவே மூலப்பொருள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோரை மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீயும் வந்தது. இவ்வளவும் கேட்டபின் வயது வேறுபாடின்றி அனைவரும் கேட்டது: "கடிக்காதா?"

கருதுகோள் நிரூபணம். மறுஆய்வு செய்ய விரும்புவோர் கார்த்திகை மழை கழிந்ததும் கிளம்பலாம், ஆற்றில் தண்ணீர் இருக்கும். ஜன்னல் சீட்டுக்கு மட்டும் சித்தியிடம் ஐப்பசியிலேயே சொல்லி வையுங்கள்.