படம் பாத்தாச்சா அண்ணாச்சி? பட்டாசு வட்டாரத்துக்கான கருத்துக் கையேடு

ஊரெல்லாம் தீபாவளிக்குப் படம் பார்க்கிறது. சிவகாசிக்காரர் தீபாவளிக்குப் பட்டாசு விற்கிறார். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். சாத்தூர் ரோட்டிலும் விருதுநகர் ரோட்டிலும் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்கிற நாட்களாகப் பார்த்துத்தான் கோடம்பாக்கம் தன் சரக்கை இறக்கும். 2019இல் ‘பிகில்’, ‘கைதி’ இரண்டும் ஒரே நாளில். 2024இல் ‘அமரன்’, ‘பிரதர்’, ‘பிளடி பெக்கர்’ மூன்றும் ஒரே நாளில். 2025இல் ‘பைசன்’, ‘டியூட்’, ‘டீசல்’, மறுபடியும் ஒரே நாள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு மத்தியானச் சோறே நாலு மணிக்குத்தான் கிடைக்கும். ஆனாலும் மதுரையிலிருந்து வந்த வாடிக்கையாளர் கிஃப்ட் பாக்ஸை எண்ணிக்கொண்டே, “அண்ணாச்சி, படம் பாத்தாச்சா?” என்பார். “இல்லைங்க” என்று உண்மையைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்து பில் பக்கம் திரும்பும். பில் பக்கம் திரும்பினால் தள்ளுபடி பக்கம் போய்விடும். ஆகவே ஒரு கருத்து கைவசம் இருந்தே ஆக வேண்டும்.

செய்முறை சுலபம். “பாட்டு பரவாயில்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மிச்சத்தை அவரே கொட்டிவிடுவார். கொட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருமுறை “அந்த இடம்…” என்று இழுத்து, கடையின் தகரக் கூரையைப் பாருங்கள். “கரெக்ட்டா சொன்னீங்க அண்ணாச்சி” என்பார். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அவர் விருதுநகர் தாண்டும்வரை உறைக்காது. அடுத்து வருகிற கோயம்புத்தூர்க்காரரிடம் மதுரைக்காரரின் கருத்தைச் சொல்லுங்கள். அவர் மறுப்பார். அந்த மறுப்பை எடுத்துத் திருச்சிக்காரரிடம் சொல்லுங்கள். கடை அடைப்பதற்குள் எந்தப் பத்திரிகையிலும் வராத அளவுக்கு நடுநிலையான விமர்சனம் ஒன்று உங்களிடம் சேர்ந்திருக்கும். பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நூறு ரூபாயைத் தாண்டிய சினிமா டிக்கெட்டுக்கும் 18 சதவீதம். கைமாற்றி விடும் கருத்துக்கு இன்னும் யாரும் வரி போடவில்லை.

படம் வெளியாகி மூன்று நாளைக்கு இணையத்தில் யாரும் விமர்சிக்கக் கூடாது என்று கேட்டு 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அப்படித் தடைபோட நீதிமன்றம் மறுத்துவிட்டது. இங்கே வந்து கேட்டிருக்கலாம். மூன்று நாளென்ன, மூன்று வாரம் படம் பார்க்காதே என்றாலும் இருப்போம். பேசாதே என்றால்தான் கஷ்டம்.

அடுத்தது, மீறவே கூடாத விதி. எந்தப் படத்தையும் பட்டாசோடு ஒப்பிடாதீர்கள். அது சென்னையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் செய்கிற வேலை. உச்ச நீதிமன்றம் 2018லேயே சரவெடிக்குத் தடை போட்டுவிட்டது, அவர்களோ வாரம் ஒரு படத்துக்கு ‘சரவெடி’ பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடாத படத்தைப் புஸ்வாணம் என்கிறார்களே, அதைக் கேட்டால் எரிச்சல் வரும். புஸ்வாணம் எப்போது தோற்றது? சின்னப் பிள்ளை, பாட்டி, வெடிக்குப் பயந்த மாப்பிள்ளை எல்லாரும் வாங்குகிற ஐட்டம் அது. ஒரு தயாரிப்பாளரின் படம் நிஜமாகவே புஸ்வாணம் மாதிரி ஓடினால் அவர் மூன்றாவது வீடு கட்டிவிடலாம்.

ஒப்பிட்டே தீர வேண்டும் என்று கை அரித்தால் சத்தத்தை வைத்து ஒப்பிடுங்கள், அதில் நமக்குச் சட்டமே துணை இருக்கிறது. 1999இல் வந்த விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் ஒரு பட்டாசின் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சினிமாவின் பின்னணி இசைக்கு இப்படி ஒரு விதி இருப்பதாகத் தியேட்டரில் உட்கார்ந்தால் நம்ப முடிவதில்லை. 2024 நவம்பர் 14ஆம் தேதி ‘கங்குவா’ வந்தது. இரைச்சல் தாங்கவில்லை என்று ரசிகர்கள் புலம்பியதும், ஒலியை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். இந்தச் சலுகை நம் குருவி வெடிக்கு உண்டா? விற்றுப்போன வெடியில் இரண்டு புள்ளி குறைக்க முடியுமா? ஆகவே எந்தப் படத்துக்குப் போய்விட்டு வந்தாலும், “பேக்ரவுண்டு நூத்தி இருபத்தஞ்சத் தாண்டிருச்சு” என்று சொல்லிவையுங்கள். தொழில் தெரிந்த பேச்சு மாதிரி இருக்கும். மீட்டரோடு வந்து யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு நடைமுறை வேறு. ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை எந்த ட்விஸ்ட்டும் காதில் விழாது. ஆபத்தெல்லாம் போகிற வழியில்தான். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற வேனில், முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவர் ராத்திரி பார்த்த படத்தை டைட்டிலிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் ஏறுகிறவருக்கு இடைவேளையிலிருந்து கிடைக்கும். கடைசியில் ஏறுகிற அக்காவுக்கு, யார் செத்தார் என்பது மட்டும் தெரியும். நேர்கோட்டில் போகும் படமென்றால் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். ‘மகாராஜா’ மாதிரி காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்ட படத்தை வேனில் எடுக்காதீர்கள். ஆலை வாசல் வந்துவிடும், குப்பைத்தொட்டி விவகாரம் முடிந்திருக்காது. மிச்சத்தைக் கேட்க முடியாமல் மருந்து அறைக்குப் போகிறவருக்குக் கவனம் எங்கே இருக்கும்?

மழை பெய்தால் வேலை கிடையாது, காய வைக்க வெயில் வேண்டும். மழை குறைந்த இந்த வறண்ட பூமியைத் தேடித்தான் தொழிலே வந்து உட்கார்ந்தது. மழை நாளில் மேட்னிக்குப் போகிறவர் அன்றைய கூலியை இழந்துவிட்டு, டிக்கெட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் எந்த இயக்குநரும் பாஸ் ஆக முடியாது. மழை நாளில் சொன்ன கருத்தை வெயில் நாளில் எடுத்துக்காட்டாதீர்கள்.

போஸ்டர் அடிக்கிற அச்சகத்துக்காரரிடம் படத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். கதை அவர் மண்டையில் ஏறாது. “இம்புட்டு கருப்பா எடுத்தா போஸ்டர்ல மூஞ்சி எப்பிடித் தெரியும்?” என்பார். பகல் காட்சியைக்கூட இருட்டில் எடுக்கிற இந்தக் காலத்தில் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் ராத்திரி எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்காருகிற பெண்கள் பலருக்குக் கையில் வேலை இருக்கும். காகிதக் குழாய் சுற்றுவது, கவர் ஒட்டுவது என்று ஏதாவது ஒன்று. மடியில் பலகை, பக்கத்தில் பசைக் கிண்ணம். சுட்டுவிரல் பசையைத் தொடும், தாளின் ஓரத்தில் ஒரு இழுப்பு, மடிப்பு, கட்டைவிரல் அழுத்தம், அடுத்த தாள். கண் முழுக்க அங்கேதான். சீரியல் காதில் ஓடும். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். மற்ற ஊர்களில் முகம் மாறியதைப் பேசினார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மதினி தலையைத் தூக்காமலே, “தொண்டை வேற ஆளா இருக்கே” என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன நடிப்பு விமர்சனம் முழுக்கத் தொண்டையைப் பற்றியதுதான். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், யார் அழும்போது நிஜமாக மூக்கு அடைத்தது, எந்த மாமியாருக்கு டப்பிங் மாறிவிட்டது என்று எல்லாம் அத்துப்படி. இவரிடம் போய் ‘விஷுவல் சூப்பர்’ என்று எதையும் சிபாரிசு செய்யாதீர்கள். வசனமே இல்லாமல் மூன்று நிமிஷம் மலையையும் பனியையும் காட்டுகிற வெப் சீரிஸ் அவருக்குக் கரண்ட் போன மாதிரி. ‘சுழல்’ நன்றாக இருந்தது என்று நம்பிப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு, “யாராச்சும் பேசுனா கூப்பிடு” என்று பதில் கிடைக்கும்.

நம்ம ஊர்ப் படமென்றால் கருத்துச் சொல்லும் முறையே மாறிவிடும். பேரரசு இயக்கி விஜய் நடித்த ‘சிவகாசி’ 2005 தீபாவளிக்கு வந்தது. பெயரைத் தவிர நமக்கும் அதற்கும் பெரிய ஒட்டு உறவில்லை, கதாநாயகன் சென்னையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். குறை சொல்லாதீர்கள். வெல்டிங் பொறியும் வெடி மருந்தும் ஒரே ஊரில் இருக்கக் கூடாது என்று பாதுகாப்பு விதியை மதித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘வெயில்’ விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006இல் எடுத்த படம். தமிழின் சிறந்த படமாகத் தேசிய விருது வாங்கியது, கான் விழாவிலும் காட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் படம் பார்க்கப் போன மகனை அப்பா உடுதுணி இல்லாமல் வெயிலில் கட்டிப்போடுகிறார். அவன் வீட்டை விட்டு ஓடி, ஒரு தியேட்டரே கதியென்று கிடந்து, எல்லாம் இழந்து திரும்பி வருகிறான். மற்ற ஊரில் பார்த்தவர்கள் அழுதுவிட்டு வெளியே வந்தார்கள். விருதுநகரில் அழ நேரம் இல்லை, “இது எந்தத் தெரு?” என்று பக்கத்துச் சீட்டோடு தகராறு. தகராறு தீர்ந்ததும் அடுத்த தகராறு. இளவட்டங்கள் அப்பா செய்தது கொடுமை என்பார்கள். கடை வைத்திருக்கும் பெரியவர்கள், “வீட்டுப் பணத்தைத் தூக்கிட்டு ஓடுனானே, மொதல்ல அதைப் பேசு” என்பார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள். கணக்கு உதைக்கிற இடத்தில் அவர்களுக்குக் கண்ணீர் வராது. சுடச்சுட எண்ணெய்ப் பரோட்டா வரும்வரை தலையாட்டிக்கொண்டிருங்கள்.

‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று 1990இல் சலம் பென்னூர்கர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். விடியும் முன்னே வண்டி ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளைப் பற்றியது. ‘ஊர் பேரைக் கெடுத்துட்டான்’, ‘உள்ளதைத்தானே காட்டுனான்’ என்று இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்ல வாய் வரும். சொல்வதற்கு முன் எதிரே இருப்பவரின் வயதைப் பாருங்கள். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது நாற்பத்தைந்துக்குக் குறையாது. அவர் முதலில் பேசட்டும். அதேபோல் ஏதாவது படத்தில் வெடி விபத்துக் காட்சி வந்தால், கிராஃபிக்ஸ் சரியில்லை என்று சொல்லி வைக்காதீர்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் என்ன நடந்தது என்று அறிந்தவர் யாராவது பக்கத்துச் சீட்டில் இருப்பார்.

டீக்கடையில் வாய் திறக்கும்போது மாவட்டத்தின் வரலாறு நினைவிருக்கட்டும். 1977இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் முதலமைச்சர் ஆனார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் ராதிகா ஒரு பக்கம், விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன் ஒரு பக்கம் நின்றார்கள். மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டில் தப்பினார். ‘சித்தி’ சீரியல் பிடிக்குமா, ‘சின்னக் கவுண்டர்’ பிடிக்குமா என்று அந்த ஏப்ரலில் கேட்டவர்களுக்கு விவரமானவர்கள், “வெயில் ஜாஸ்திண்ணே” என்று பதில் சொன்னார்கள்.

கடைசியாக, படத்தை நிஜமாகவே பார்க்க நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். தீபாவளி முடிந்து, கடையைக் கட்டி, நிலுவை வசூலித்து நிமிர்ந்தால் படம் வீட்டு டிவிக்கே வந்திருக்கும். ‘அமரன்’ ஐந்தே வாரத்தில் டிசம்பர் 5ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. தலையணையோடு உட்காருங்கள். ஒரு மாதமாக வாடிக்கையாளர்களிடம் நீங்கள் சொல்லிவந்த கருத்துக்கும் திரையில் ஓடுவதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். அதற்காகக் கருத்தை மாற்றாதீர்கள், திருச்சிக்காரர் அடுத்த வருஷமும் வருவார். நாள்பட்ட அசதியில் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டால் இன்னும் நல்லது. “செகண்ட் ஆஃப்ல கொஞ்சம் இழுத்துட்டான்” என்று சொல்லிவிடலாம். வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். அவர்கள் டைட்டிலிலேயே தூங்கியிருப்பார்கள்.