மணிலாவில் முகம் கோணாமல் வாழ்வது எப்படி?

பிலிப்பைன்ஸுக்கு வேலைக்கோ மருத்துவம் படிக்கவோ கிளம்புகிறவர்கள் தகலாக் மொழிப் புத்தகம் ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். வீண் செலவு. ஆங்கிலத்தை வைத்தே அங்கே காலம் தள்ளிவிடலாம். முகத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்.

1. உதட்டைப் பின்தொடருங்கள். கடையில் சோப்பு எங்கே என்று கேட்டால் கடைக்காரர் கையைத் தூக்கமாட்டார். உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக நீட்டுவார். வெட்கப்பட வேண்டாம், அது முத்தமில்லை. உதடு பார்க்கிற திசையில் சோப்பு இருக்கும். தூரம் அதிகமென்றால் மோவாயும் சேர்ந்து உயரும்.

2. புருவத்தைக் கவனியுங்கள். கேட்டதற்குப் பதில் பேசாமல் புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கினால் ‘ஆமாம்’. அது புரியாமல் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் புருவமும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். இருவருக்கும் பொழுது போகும். ‘இல்லை’ என்பதற்குச் சைகை தேடி அலையாதீர்கள். எதிரில் இருப்பவர் முகம் வாடும்படி மறுப்பது அங்கே நாகரிகமில்லை. விருந்துக்கு அழைத்தவரிடம் “முயற்சி செய்கிறேன்” என்று ஒருவர் புன்னகைத்தால், அவருக்குப் போட்ட நாற்காலியை எடுத்துவிடலாம்.

3. ஜீப்னியில் இடம் பார்த்து உட்காருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வண்ணம் பூசி உருவாக்கிய வண்டி இது. பின்பக்கம் ஏறி எதிரெதிராக உட்கார வேண்டும். கண்டக்டர் பெரும்பாலும் கிடையாது. “பயாத் போ” என்று சொல்லிக் காசை நீட்டினால் அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும், ஒரு பெசோ குறையாமல். ஆகவே ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற இடத்தைத் தவிருங்கள். அங்கே உட்கார்ந்தால் சம்பளமில்லாத கண்டக்டர் நீங்கள்தான். இறங்க வேண்டிய இடத்தில் “பாரா போ” என்று குரல் கொடுங்கள். கூச்சப்பட்டால் அடுத்த பேட்டையையும் பார்த்துவிட்டு வரலாம்.

4. அழைத்த நேரத்துக்குப் போகாதீர்கள். ஆறு மணி விருந்துக்கு ஆறு மணிக்கே போனால், தலை துவட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்துவீர்கள். அரசு அலுவலகக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்று 2013-இல் சட்டமே போட்டார்கள். கடிகாரங்கள் கீழ்ப்படிந்துவிட்டன.

5. செப்டம்பரில் கிறிஸ்துமஸ் வந்தால் காலண்டரைச் சரிபார்க்காதீர்கள். மாதப் பெயர் ‘பர்’ என்று முடியத் தொடங்கியதும் பண்டிகை ஆரம்பம். முதல் தேதியே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர் ஹோசே மாரி சானின் குரல் ஒலிக்கும். நான்கு மாதம் ஒலிக்கும்.

6. பாட மறுக்காதீர்கள். ராபர்ட்டோ டெல் ரொசாரியோ என்ற பிலிப்பினோ 1980-களிலேயே சேர்ந்து பாடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். ஆகவே தெருவுக்குத் தெரு வீடியோகே என்ற பாட்டு இயந்திரம். மைக் உங்களிடம் வந்தால் பாடித்தான் ஆகவேண்டும். சுருதி எங்கே போனாலும் இயந்திரம் 90-க்கு மேல் மதிப்பெண் போட்டுவிடும். அதுவும் உள்ளூர்ப் பண்பாட்டில் வளர்ந்ததுதான். ஒரே எச்சரிக்கை: ஃபிராங்க் சினாட்ராவின் ‘மை வே’ வேண்டாம். அந்தப் பாட்டால் சண்டை மூண்டு கொலை வரை போனதாகச் செய்திகள் வந்தபின், சில மதுக்கூடங்கள் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டன. அடுத்தவர் பாடும்போது சிரிப்பது அதைவிட ஆபத்து.

7. விடுமுறைக்கு ஊருக்குப் போவதை ரகசியமாக வையுங்கள். தெரிந்துவிட்டால் அலுவலகமே “பசலுபோங்!” என்று கூவும். போய்வருகிறவர் எல்லாருக்கும் ஏதாவது வாங்கிவர வேண்டும். பெட்டியில் துணிக்கு அதிக இடம் ஒதுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு மைசூர்பாகு என்றாலும் காவலாளி வரை கணக்கிட வேண்டும். விடுபட்டவர் ஒரு சொல் சொல்லமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அடுத்த முறை இரண்டு பெட்டி கொடுத்துத்தான் தீர வேண்டும்.