தூள் கொதிக்கணும்டா

இலங்கையின் சமனலவெவ அணை 1992இல் கட்டி முடிந்த கையோடு வலது கரையில் ஒழுகத் தொடங்கியது, இன்னமும் ஒழுகுகிறது. அந்தத் தண்ணீரில் தூண்டில் போடுகிறவனின் கருவி மட்டும் ஒழுகாமல் இருக்குமா?

தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக்குண்டு வார்த்தால் அது ஜிக். வெறும் ஈயம் சீக்கிரம் கறுத்துவிடும். புருசால் பெயின்ட் அடித்தால் பாறையில் இரண்டு உரசலோடு சரி. பவுடர் பெயின்ட்தான் நிற்கும். ஈயத்தைச் சூடாக்கி, தூளில் ஒரு நொடி முக்கி, பிறகு சுமார் 180 பாகை செல்சியஸில் வேகவைக்க வேண்டும். ஈயம் உருக 327 பாகை வேண்டும், ஆகவே பயமில்லை. ஒரே நிபந்தனை, தூள் படுத்துக் கிடக்கக் கூடாது. அடியிலிருந்து காற்றூதி அதைத் தண்ணீர் மாதிரித் தளும்ப வைக்க வேண்டும்.

அந்தக் கருவியை நானே செய்ய இறங்கினேன். இரண்டு அங்குல பீவீசீ குழாய்த் துண்டு ஒன்று, மீன்தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பு ஒன்று. "எத்தனை மீன் வளர்க்கிறீங்க?" என்றார் கடைக்காரர். "இன்னும் பிடிக்கல" என்றேன். தூளை இரத்தினபுரியில் கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கும் பட்டறையில் கேட்டு வாங்கினேன். மிச்சமிருந்தது காப்பிக் கலர் மட்டும். மீன் எந்த வீட்டுக் கேட்டைக் கண்டது?

வம்பு செய்தது துணிதான். குழாயின் அடியில் கட்டுகிற துணி காற்றை விட வேண்டும், தூளை விடக் கூடாது. தேத்தண்ணி வடிக்கிற துணியைக் கட்டினேன். தூள் பம்புக்குள் இறங்கி, பம்பு இரண்டு தரம் இருமிவிட்டுச் செத்தது. புதுப் பம்பு வாங்கி, காற்சட்டைத் துணியைக் கட்டினேன், காற்றே வரவில்லை. பனியன் துணியில் ஒரு மூலை எரிமலை, மற்ற மூலையெல்லாம் சிமெந்துத் தரை. என் மூக்கும் காப்பிக் கலர்.

அப்போதுதான் அப்பா வந்தார். பலாங்கொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், முப்பது வருசம் ட்ரையரில் நின்றவர்.

"என்னாடா இது, குட்டி ட்ரையரு?"

உண்மைதான். ஸ்டோரிலும் ஓட்டைத் தகட்டுக்குக் கீழிருந்து சூடான காற்று அடிக்கும். ஈரத் தேத்தூள் பால் மாதிரிப் பொங்கி, மிதந்தபடியே நகர்ந்து, மூன்று வீத ஈரத்தோடு வெளியே வரும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. படித்தவனல்லவா? "இந்த முறையில பெயின்ட் பூசுறத 1950கள்ல ஜெர்மனியில எர்வின் கெம்மர்னு ஒருத்தர் கண்டுபிடிச்சாருப்பா" என்றேன்.

"அவரு எந்தத் தோட்டத்து டீமேக்கரு?"

பிறகு குழாயில் காதை வைத்துக் கேட்டார். "காத்து ஒரே பக்கமா போகுது. எல்லாப் பக்கமும் சமமா வரணும், தூளு கொதிக்கணும்டா." அடியில் ஒரு பிடி கூழாங்கல்லைப் போடச் சொன்னார். துணிக்குப் பதில் டீ பேக் கடதாசி இரண்டு அடுக்கு. பைகளைப் பிரித்துக் கொட்டியதை விரலால் தடவிப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. "இது தேயிலையா, கூட்டி அள்ளுனதா?"

தூள் கொதித்தது.

வேகவைத்தது மனைவியின் கேக் அவனில். ஈயம் வெந்த அவனில் இனிச் சாப்பாட்டுச் சாமான் வைக்கவே கூடாது என்பதை வெந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். இப்போது பழைய அவன் எனக்கு, புதிய அவன் அவளுக்கு, தவணைக் கடன் இரண்டு பேருக்கும்.

பன்னிரண்டு ஜிக் தேறின. நூல் கட்டுகிற ஓட்டையையும் பெயின்ட் அடைத்திருந்ததால் அரை நாள் ஊசியோடு உட்கார்ந்தேன். அப்பா ஒன்றை நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார், தேயிலைக்குப் போடுவது போலத் தரம் போட்டார்.

"பி.ஓ.பி. இல்ல. டஸ்ட் நம்பர் ஒன்."

அவற்றில் ஏழு சமனலவெவ அடியில், மூழ்கிய மரக்கிளைகளில் தொங்குகின்றன. பெயின்ட் மட்டும் உதிர்ந்திருக்காது.