நனைந்த இன்சோல் நழுவலின் இலக்கணம்

ஷூவுக்குள் இருந்துகொண்டே, ஓடுபவருக்கு முன்பாகப் போய்ச்சேரப் பார்க்கும் மெத்தை இன்சோல் எனப்படும். நனையாமலே நழுவுவதும் உண்டு. சிறுபான்மையாதலின் அது இங்கே ஆராயப்படவில்லை.

நனைக்கும் நீர் வான்நீர், மெய்நீர், தான்நீர் என மூன்று. வான்நீர் ஐப்பசி கார்த்திகையில் சென்னைச் சாலைகளில் கணுக்கால் அளவு நிற்பது. மெய்நீர் வியர்வை. மெரினாவில் விடியுமுன்பே காற்று ஈரத்தால் கனத்திருக்க, வியர்வை உலர வழியின்றிக் காலோடு இறங்கிச் சாக்ஸில் தங்கும். மழை விட்டாலும் இது விடாது என்பதால் மூன்றிலும் கொடியது இதுவே. தான்நீர், ஓட்டப் பந்தய வழியிலுள்ள தண்ணீர் மேசையில் வாங்கித் தன் தலையில் தானே ஊற்றிக்கொள்வது. நீர் கீழ்நோக்கிப் போகும் என்பது அப்போது அந்தத் தலைக்குத் தோன்றுவதில்லை.

இனி நழுவலின் காரணம். ஷூவின் மேல்துணியோடு சுற்றித் தைத்த ஒரு மெல்லிய அடித்தகடு உள்ளே இருக்கிறது. இன்சோல் அதன்மேல் சும்மா கிடக்கும். மிஞ்சினால் குதிகாலருகே ஒரு பொட்டுப் பசை. இடையில் நீர் புகுந்தால் கீழ்ப்பிடி போய்விடும். மேலேயோ ஈரச் சாக்ஸ் இன்சோல் துணியை இறுகப் பற்றியிருக்கும். பிறகு கால் போன போக்குதான்.

போகும் திசையால் நழுவல் நான்காகும். இறக்கத்தில் பாதம் முன்னே தள்ள, விரல்களுக்கடியில் போய்ச் சுருண்டு மடிவது முன்னேகி. இதற்கு மலைச்சரிவு வேண்டும் என்பர் ஒரு சாரார். சென்னையில் மலைக்கு மேம்பாலங்கள் ஈடு செய்கின்றன. சாலையின் ஓரச்சரிவால் ஒருபுறம் ஒதுங்கி ஷூச்சுவரில் ஏறுவது பக்கவாட்டி. குதிகாலுக்குப் பின்னே எழும்புவது குதியேறி. நான்காவதான வெளியேறி அரிது. அதற்குச் சான்று 2015 பெர்லின் மாரத்தான். அதில் ஓடிய எலியுட் கிப்சோகேயின் இரு இன்சோல்களும் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஷூவை விட்டு மேலே வந்து கணுக்காலருகே படபடத்தன. கால் கொப்புளித்து ரத்தம் கசிய, அவர் 2 மணி 4 நிமிடத்தில் ஓடி முதலாவதாக வந்தார். இதைக் காட்டி மருத்துவம் வேண்டாம் என்போர் முதலில் கிப்சோகே ஆகிவிட்டு வரக்கடவர்.

மருத்துவத்தில் பவுடர் தூவுதல் விலக்கப்பட்டது. ஈரத்தில் அது களியாகும். கத்தரித்த இன்சோல் ஷூவைவிடச் சிறுத்திருந்தால் வேறு மருந்து தேட வேண்டாம், சரியான அளவே மருந்து. நனைந்ததை உருவி நிழலில் உலர்த்துக. அடுப்பருகே வைத்தால் நுரை சுருங்கி, அளவு குறைந்து, நோய் இரட்டிக்கும். முழுதும் உலர்ந்தபின் குதியிலும் முன்பாதத்திலும் இருபக்க டேப் ஒட்டலாம். ஈரத்தின்மேல் ஒட்டினால் டேப்பும் சேர்ந்து ஓடும். இன்னும் உறுதி வேண்டுவோர் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால், இரு பரப்பிலும் பசை தடவி, சற்றே காயவிட்டு அழுத்தித் தருவார். பிறகு அசையாது. உலர்த்துவதற்கு வெளியே எடுக்கவும் முடியாது. அதனால் எழும் நாற்றம் தனி இயல்; அதன் வகைகளை வீட்டார் நன்கு அறிவர்.