முழு உடம்பு

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் பெரியாஸ்பத்திரியில் யாராவது இறந்தால், அழுகைக்கு முன்னால் வருகிற கேள்வி, "அறுத்துட்டாங்களா?" என்பதுதான். உடலை வாங்கப் போகிறவர்களிடம் அப்பத்தா, "கையக் காலப் பிடிச்சாவது அறுக்காமக் கொண்டு வந்துருங்கப்பா" என்று சொல்லிவிடுவாள். கண்ணைக் கொடுத்தவன் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்றும் நம்பினாள்.

அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கடனை அடைக்கச் சிறுநீரகம் விற்ற ஏழைகளால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பேர் விழுந்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கும் மகனைக் காட்டி, "மூளை செத்துவிட்டது, உறுப்புகளைக் கொடுங்கள்" என்றால் எந்தத் தாய் நம்புவாள்? பிழைக்க வேண்டியவனை அவசரப்பட்டு முடித்துவிடுவார்களோ? பணம் உள்ளவனுக்கே எல்லாம் போய்விடுமோ? நன்மை தெளிவாகத் தெரிந்தது: இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகங்கள் என ஒரு சாவில் பலர் பிழைக்கலாம். ஆபத்தின் அளவுதான் யாருக்கும் தெரியவில்லை.

1994-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் அந்தப் பயங்களை மதித்து எழுதப்பட்டது. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதிசெய்ய வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பை மாற்றிப் பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. 2008-இல் தமிழக அரசு, உறுப்புகளை வரிசைப்படி ஒதுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் அதே பேச்சாக இருந்தது.

பின்னாளில் எங்கள் குடும்பத்துக்கும் அந்த வேளை வந்தது. பைக் விபத்தில் பெரியப்பா மகன். மதினி உடனே தலையாட்டவில்லை. "மெஷினைக் கழட்டிப் பார்த்தீங்களா, தானா மூச்சு வருதான்னு? ரெண்டாவது தடவை எப்பப் பார்ப்பீங்க? பிள்ளைங்க அப்பா முகத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டாவது சோதனையும் முடிந்த பிறகே மதினி கையெழுத்துப் போட்டார்.

2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அறுத்த உடம்பு என்று கூசிய ஊர்களில் இன்று அதிகாரிகள் வந்து மாலை வைத்து வணங்குகிறார்கள். அந்த மரியாதை முழுக்கத் தகும்.

ஆனாலும் 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாகச் செய்தி வந்தது. இப்படி ஒரு செய்தி போதும், ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் இன்னொரு குடும்பம் கையெழுத்துப் போடத் தயங்க. தானம் கேட்டுப் பிரசாரம் செய்யும் அரசுக்கு, அந்தத் தரகர்களைப் பிடித்துத் தண்டிப்பதும் அதே பிரசாரத்தில் பாதி வேலை.